அம்மாவுக்கு வச்ச சிலிக்கான் ரிங் பெஸரி: ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

பொருள் என்னன்னா சிலிக்கான் ரிங் பெஸரி, அதாவது கீழ எறங்கற கர்ப்பப்பைய தாங்கிப் பிடிக்க பிறப்புறுப்புக்குள்ள வைக்கிற வளையம், நடுவுல ஓட்டை ஓட்டையா சவ்வு வச்ச மாடல், அளவு 70 மில்லிமீட்டர். போட்டிருக்கறது எங்கம்மா, வயசு 62. அடி இறக்கம், அடி தள்ளுது, கர்ப்பப்பை எறங்கிடுச்சுன்னு ஊர்ல பொம்பளைங்க குசுகுசுன்னு சொல்லிக்குவாங்களே, அதுக்காக வச்சது. அம்மாகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். "பேரு மட்டும் போட்டுறாத கண்ணு, மத்ததெல்லாம் எழுது, எவளுக்காச்சும் ஒதவும்"னாங்க. என் மார்க்கு அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க்கு எதுக்கு கொறைச்சேன்னு கடைசில சொல்றேன்.

எங்களுக்கு பவானி பக்கம். அம்மா இருவது வருஷமா வீட்லயே தோசை மாவு அரைச்சு விக்கிறாங்க, தெனமும் அரிசி ஊறவச்ச அண்டாவ தூக்கறதும் கிரைண்டர் கல்ல தூக்கி வச்சு கழுவறதும் அவங்கதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொங்கல் லீவுக்கு போயிருந்தப்ப கொடியில துணி எடுக்க போனேன், உள்பாவாடைக்கு அடியில மறைச்சு பழைய நூல்சீலைய நீளமா கிழிச்ச துணி ஏழெட்டு காயுது. அம்மாவுக்கு தீட்டு நின்னு பத்து பன்னெண்டு வருஷம் ஆச்சு, அப்பறம் எதுக்கு இந்த துணி? கேட்டதுக்கு ஒண்ணுமே சொல்லல. ராத்திரி விளக்க அணைச்சதுக்கப்பறம்தான் இருட்டுல சொன்னாங்க, "என்னமோ கண்ணு, கீழ ஒரு உருண்டை மாதிரி எறங்குது, சாயங்காலம் ஆனா வெளியவே வந்து நிக்குது, கைய வச்சு உள்ள தள்ளுனாத்தான் ஒண்ணுக்கே போக முடியுது, அதான் துணிய இறுக்கி கட்டிக்கறேன்"னு. எத்தன நாளான்னு கேட்டேன். ஆறு வருஷமாம். ஆறு வருஷம்! அப்பாவுக்கு தெரியாது, எனக்கு தெரியாது, கூட பொறந்த சித்திக்கும் தெரியாது. கல்யாண வீட்ல பந்தில உக்காராம நான் பரிமாறறேன்னு ஓடிட்டே இருப்பாங்க, வேலைக்கு அலுக்காத ஆளுன்னு நாங்க பெருமையா பேசிட்டு இருந்தோம். உக்காந்தா அழுத்தும்னுதான் ஓடிட்டு இருந்திருக்காங்க.

இது என்னங்கறத புரிஞ்சுக்க எனக்கே கொஞ்ச நாள் ஆச்சு. நம்ம இடுப்பெலும்புக்கு அடியில தூளி கட்டின மாதிரி ஒரு தசை இருக்கு, அதுமேலதான் மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் உக்காந்திருக்கு, மேலருந்து தசைநார்கள் கயிறு மாதிரி இழுத்து பிடிச்சிருக்கு. தூளித்துணி நைஞ்சு கயிறும் தளந்து போச்சுன்னா உள்ள இருக்கறது கீழ தொங்கத்தானே செய்யும். முன்பக்கம் தளந்தா மூத்திரப்பை புடைச்சுட்டு வரும், பின்பக்கம்னா மலக்குடல், நடுவுலன்னா கர்ப்பப்பை. எங்கம்மாவுக்கு கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் சேந்து எறங்கியிருந்துச்சு. சுகப்பிரசவம்தான் பெரிய காரணம், அதுலயும் பெரிய கொழந்தை, ரொம்ப நேரம் முக்கி பெத்தது, ஆயுதம் போட்டு எடுத்ததுன்னா இன்னும் அதிகம். அதுக்குமேல தீட்டு நின்னதும் ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் கொறையறது, தீராத இருமல், மலச்சிக்கல்ல முக்கறது, உடம்பு கனம், வருஷக்கணக்கா பாரம் தூக்கறதுன்னு ஒவ்வொண்ணா சேரும். அம்மாவுக்கு மூணும் சுகப்பிரசவம், என்னை பெத்து இருவதாம் நாளே கொடத்த இடுப்புல வச்சுட்டாங்களாம். இது அவங்க செஞ்ச தப்பு இல்ல, கெட்ட நோயும் இல்ல, இன்னொருத்தருக்கு ஒட்டவும் ஒட்டாது. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தும் கெடையாது, ஆனா மனுஷி வாழ்க்கைய சுருக்கிப்புடும்.

மொதல்ல ஒரு தனியார் கிளினிக்குக்கு கூட்டிட்டு போனேன். அஞ்சு நிமிஷம்கூட பாக்கல, "வயசாச்சுல்ல, இனிமே அந்த பை எதுக்கு, எடுத்துடலாம்"னு அட்மிஷன் தேதிய எழுதிட்டாங்க. வேற வழி இருக்கான்னு கேட்டதுக்கு பதிலே வரல. அம்மா பயந்துட்டாங்க, ஆட்டோல வர்றப்ப என் கைய விடவே இல்ல. எனக்கு கோவம் ஆபரேஷன் மேல இல்ல, அது பலபேருக்கு தேவைதான். மத்த வழி என்னன்னு ஒரு வார்த்தை சொல்லாததுதான் கோவம்.

அப்பறம் நானா நெட்ல படிச்சு பெஸரின்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இங்கதான் நான் ஒரு தப்பு பண்ணேன், நீங்க பண்ணாதீங்க. மெடிக்கல்ல போய் பெஸரி குடுங்கன்னா உள்ள வைக்கிற மாத்திரைய எடுத்து நீட்டறாங்க, பூஞ்சைத் தொற்றுக்கு வைப்பாங்களே அது, ஏன்னா கடையில அதுக்கும் பேரு பெஸரிதான். மூணு கடை ஏறி எறங்கிட்டு ஆன்லைன்ல ஒண்ணு ஆர்டர் போட்டேன். வெள்ளை கலர்ல கெட்டி பிளாஸ்டிக் வளையம், அளவு நானா குத்துமதிப்பா போட்டது. அம்மாவால உள்ளயே வைக்க முடியல, வலில கண்ணுல தண்ணி வந்துருச்சு. வளையல் வாங்கறப்பகூட கை அளவு பாக்காம வாங்க மாட்டோம், இத நான் அளவே பாக்காம வாங்குனேன்னு நெனச்சா இப்பவும் வருத்தமா இருக்கு. காசு போனது போகட்டும், அம்மா அப்பறம் ரெண்டு மாசம் அந்த பேச்சையே எடுக்க விடல.

கடைசில ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஓபில ஒரு லேடி டாக்டர் கெடைச்சாங்க. அவங்க பாத்த விதத்த கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா இந்த பொருளோட தரத்துல பாதி அத வைக்கிறவங்க கையிலதான் இருக்கு. மொதல்ல அம்மாவ இரும சொன்னாங்க, முக்க சொன்னாங்க, படுக்க வச்சும் பாத்தாங்க நிக்க வச்சும் பாத்தாங்க. பிறப்புறுப்பு வாசல் வரைக்கும் எறங்கியிருக்கா, அதுக்கு ஒரு செண்டிமீட்டருக்கும் மேல வெளிய வருதான்னு அளந்துதான் ஸ்டேஜ் சொல்லுவாங்களாம், அம்மாவுக்கு மூணாவது ஸ்டேஜ், நாலாவதுன்னா முழுசா வெளிய வந்துர்றது. அப்பறம் டிராயரத் தொறந்து ரிங்க எடுத்து அம்மா உள்ளங்கையிலயே வச்சாங்க. "அழுத்திப் பாருங்கம்மா"ன்னாங்க. சிலிக்கான், மெத்துனு இருக்கு, ரெண்டு பக்கம் சின்னதா வெட்டு மாதிரி இருக்கு, அந்த எடத்துல மட்டும்தான் மடங்கும். அம்மா அத ஆப்பத்த மடிக்கிற மாதிரி ரெண்டா மடிச்சு மடிச்சு விட்டுப் பாத்தாங்க. "இவ்வளவுதானா"ன்னாங்க. காப்பர் டி மாதிரி கர்ப்பப்பைக்குள்ள கொண்டு போய் வைக்கிறதுன்னு நெனச்சு பயந்துட்டு இருந்திருக்காங்க. அது வேற, இது வேற. இது கர்ப்பப்பைக்கு கீழ பாதையிலயே உக்காந்துட்டு மேல இருக்கறத தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஜெல் தடவி மடிச்சு உள்ள விட்டு கால்வட்டம் திருப்பிட்டாங்க, அப்பதான் அந்த வெட்டு ரெண்டும் வாசலுக்கு நேரா நிக்காம, தானா மடங்கி வெளிய வராம இருக்குமாம். ரிங்குக்கும் உள்பக்க எலும்புக்கும் நடுவுல ஒரு விரல் நொழையற அளவு எடம் இருக்கணும், ரொம்ப இறுக்கமா இருந்தா புண்ணாகும், லூசா இருந்தா விழுந்துரும். அதோட அனுப்பிடல. "போய் படி ஏறி எறங்குங்க, குத்த வச்சு உக்காருங்க, இருமுங்க, பாத்ரூம் போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்க"ன்னாங்க. ஒண்ணுக்கு போக முடியலன்னா ரிங்க எடுத்தே ஆகணும். அம்மா ஆஸ்பத்திரி படிக்கட்டுல மூணு தடவ ஏறி எறங்கிட்டு வந்து எங்கிட்ட மெதுவா சொன்னாங்க, "உள்ள ஏதோ இருக்குன்னே தெரியல கண்ணு."

மொதல்ல வச்சது 65 சைஸ், மூணாம் நாள் டாய்லெட்ல முக்கறப்ப விழுந்துருச்சு. அம்மா கைவிட்டுட்டாங்க, "எனக்கு இது ஒத்து வராது"ன்னு. டாக்டருக்கு இது புதுசே இல்ல, சரியான அளவு கெடைக்க ரெண்டு மூணு தடவ மாத்தறது சகஜம்னு சொல்லி 70 வச்சாங்க. அதுக்கப்பறம் ஒரே ஒரு தடவதான் விழுந்துச்சு, அதுவும் மலச்சிக்கல் இருந்த அன்னிக்கு. நம்மூரு டாய்லெட்ல குத்த வச்சு உக்காரறப்ப ரிங் கீழ தள்ளும், அந்த நேரம் ஒரு விரலால லேசா அணை குடுத்துக்கலாம்னு நர்ஸக்கா ஒருத்தங்க சொல்லிக் குடுத்தாங்க. எந்த சீட்டுலயும் எழுதல இத.

மாத்தம் எப்படின்னா, மொத வாரத்துலயே ஒண்ணுக்கு ஒரே தடவைல முழுசா போக ஆரம்பிச்சாங்க, ராத்திரி நாலு தடவ எந்திரிச்சது ஒண்ணாச்சு. சாயங்காலம் ஆனா இடுப்ப இழுக்கற வலி போயிருச்சு. கொடியில அந்த துணி காயறதில்ல. ஆவணில எங்க மாமா பொண்ணு கல்யாணத்துல அம்மா பந்தில உக்காந்து பாயசம் வரைக்கும் சாப்ட்டாங்க, நான் எதிர் வரிசைல உக்காந்து பாத்துட்டே இருந்தேன், எனக்குத்தான் சாப்பாடு எறங்கல.

கொறையும் வந்துச்சு, அதயும் சொல்லணும். ரிங் வச்ச புதுசுல இருமுனா தும்முனா ஒண்ணுக்கு கசிய ஆரம்பிச்சுது, முன்ன இல்லாதது. ரிங்னாலதான் கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டோம். விஷயம் என்னன்னா, மூத்திரப்பை தொங்கிட்டு இருந்தப்ப ஒண்ணுக்குக் குழா மடங்கி அடைச்சிருக்கு, அதனால கசிவு வெளிய தெரியல, ரிங் மேல தூக்குனதும் குழா நேராயி உள்ள ஏற்கனவே இருந்த பலவீனம் வெளிய வந்துருச்சு. இது தெரியாம பலபேரு ரிங்க கழட்டி எறிஞ்சுட்டு போயிடுவாங்க. அம்மாவுக்கு பயிற்சியிலயே முக்கால்வாசி சரியாச்சு.

நாலாவது மாசம் லேசா ரத்தக்கற பட்டுச்சு, வாடையும் இருந்துச்சு. அடுத்த நாளே போனோம். உள்ள ஒரு எடத்துல ரிங் உரசி தோல் வழண்டு போயிருக்கு. தீட்டு நின்னவங்களுக்கு உள்தோல் மெலிசாயிடும்ல, அதான். ரிங்க மூணு வாரம் எடுத்து வச்சுட்டு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் குடுத்தாங்க, குடுக்கறதுக்கு முன்னாடி மார்பகப் புற்றுநோய் ஏதும் இருந்துச்சான்னு கேட்டுக்கிட்டாங்க. ஆறுனதும் அதே ரிங்க வச்சாச்சு, க்ரீம் வாரம் ரெண்டு ராத்திரி இன்னும் ஓடுது, அதுக்கப்பறம் புண்ணு வரல. தீட்டு நின்னு வருஷக்கணக்கானவங்களுக்கு ரத்தம் பட்டா ரிங்னாலதான்னு நாமளே முடிவு பண்ணிக்கக் கூடாது, கர்ப்பப்பையில வேற ஏதும் இருக்கான்னு டாக்டர் பாக்கணும். எங்களுக்கும் ஸ்கேன் பண்ணிட்டுதான் விட்டாங்க.

இந்த ரிங்கோட பெரிய வசதின்னு நான் சொல்றது, நாமளே எடுத்து கழுவி வச்சுக்கலாங்கறதுதான். ஆனா இத சொல்லிக் குடுக்கற எடம் கொறைவு, மூணு மாசத்துக்கு ஒரு தடவ வாங்க நாங்களே எடுத்து கழுவி வைக்கறோம்னு சொல்ற எடம்தான் அதிகம். இங்கிலாந்துல 340 பெண்கள வச்சு ஒரு ஆய்வு நடந்திருக்கு, தானே பாத்துக்கிட்டவங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கு போய் மாத்திக்கிட்டவங்களுக்கும் வாழ்க்கைத் தரத்துல வித்தியாசமில்ல, தொந்தரவு பாத்தா தானே பாத்துக்கிட்டவங்களுக்குத்தான் கம்மி. இத எங்க டாக்டர்கிட்ட சொன்னேன், "ஒங்கம்மா செய்வாங்களா"ன்னு கேட்டாங்க. அம்மா பத்து வெரலயும் காட்டி, "நாப்பது வருசமா மாவு கரைக்கிற கை டாக்டரம்மா, செஞ்சுருவேன்"னாங்க. மூணு தடவ அங்கயே எடுத்து வச்சுக் காமிச்சாங்க. இப்ப சனிக்கிழமை ராத்திரி எடுத்து சோப்பு போட்டு கழுவி ஒரு சுத்தமான டப்பால வச்சுட்டு தூங்குவாங்க, ஞாயித்துக்கிழம காலைல குளிச்சதும் வச்சுக்குவாங்க. கொதிக்க வைக்கவோ டெட்டால் ஊத்தவோ தேவையில்ல. புருஷன் பொண்டாட்டி சேர்றதுக்கும் ரிங் தடையில்ல, எடுத்துட்டும் இருக்கலாம், வச்சுட்டும் இருக்கலாம், இத கேக்க கூச்சப்பட்டுட்டே ரிங் வேணாம்னு சொல்ற எளவயசு பொம்பளைங்க இருக்காங்க, அதனாலதான் எழுதறேன்.

வச்சுட்டு மறந்துடக் கூடாது, இது ரொம்ப முக்கியம். வருஷக்கணக்கா எடுக்காம விட்டா ரிங் சதைக்குள்ள புதைஞ்சு மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை போட்டுரக்கூட வாய்ப்பிருக்கு. தனியா இருக்கற, ஞாபகமறதி இருக்கற பாட்டிகளுக்கு வைக்கறதா இருந்தா வீட்ல இன்னொருத்தருக்கு கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

ரிங் மட்டும் போதாது, தூளித்தசைக்கு பயிற்சியும் வேணும். 1948ல ஆர்னால்டு கெகல்னு அமெரிக்க டாக்டர் ஒருத்தர் எழுதினதால கெகல் பயிற்சின்னே பேரு. கேஸ் வெளிய போகாம அடக்குவோமே அந்த தசைய இறுக்கி, மேல இழுத்து, சில நொடி பிடிச்சு விடணும். அம்மா மொதல்ல வயித்தையும் தொடையையும்தான் இறுக்கிட்டு இருந்தாங்க, பிசியோதெரபி மேடம் கண்டுபிடிச்சு திருத்துனாங்க. மூணு மாசமாவது விடாம செஞ்சாத்தான் தெரியும். மொத ரெண்டாவது ஸ்டேஜ்ல இருக்கறவங்க பலபேருக்கு இதுலயே தொந்தரவு நல்லா கொறையும், ஆனா வெளிய வந்து நிக்கற கர்ப்பப்பைய பயிற்சி மட்டும் உள்ள தள்ளிடாது. அண்டா தூக்கற வேலைய இப்ப அப்பா எடுத்துக்கிட்டார், காலைல நாலரைக்கே எந்திரிச்சு வந்து நின்னுடறார், யாரும் சொல்லல.

ஆபரேஷனா ரிங்கான்னு கேப்பீங்க. நெதர்லாந்துல 440 பேர வச்சு நடந்த ஆய்வு 2022ல வந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு கேட்டப்ப ரிங்ல ஆரம்பிச்சவங்கள்ல 76 சதவீதம் பேரும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல 81 சதவீதம் பேரும் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க, ஆனா ரிங்ல ஆரம்பிச்சவங்கள்ல பாதிக்கு மேல அப்பறம் ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க. அதனால ரிங்தான் பெஸ்ட்னு நான் சொல்ல மாட்டேன். அம்மா கதைய கேட்டு எங்க சித்தியும் வாயத் தொறந்தாங்க, அவங்களுக்கும் இருந்திருக்கு, அவங்க ஆபரேஷனே பண்ணிக்கிட்டாங்க, கீழ்வழியாவே கர்ப்பப்பைய எடுத்து தளந்த சுவத்தையும் தச்சு விட்டாங்க, ஆறு வாரம் பாரம் தூக்காம இருந்தாங்க, இப்ப நல்லா இருக்காங்க. கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: பைய எடுக்கறது மட்டுமா, தளந்ததையும் சேத்து சரி பண்றீங்களா? வெறும் பைய எடுத்துட்டு தாங்கற நாரை விட்டுட்டா, மிச்சம் இருக்கற பாதையே பின்னாடி எறங்கி வரலாம். எளவயசுக்காரங்களுக்கு பைய எடுக்காமலே தூக்கிக் கட்டற ஆபரேஷனும் இருக்கு, மும்பை டாக்டர் ஷிரோத்கர் பேர்லயே ஒண்ணு இருக்கு. பிறப்புறுப்பு வழியா வலை வச்சு தைக்கறேன்னு யாராச்சும் சொன்னா நல்லா விசாரிங்க, 2019ல அமெரிக்காவுல இதுக்கு அந்த வலைய விக்கறதையே நிறுத்தச் சொல்லிட்டாங்க.

இப்ப கொறைச்ச ஒரு மார்க்கு. எங்களுக்கு ரெண்டாயிரத்து சொச்சம் ஆச்சு, பல வருஷம் வரும்னு பாத்தா பரவால்ல, ஆனா தெனக்கூலிக்காரங்களுக்கு அது பெரிய காசு. சாதாரண மெடிக்கல்ல கெடைக்காது. டப்பாக்குள்ள இருந்த சீட்டு பொடி எழுத்துல முழுக்க இங்கிலீஷ், படம் நகத்தளவு. நேபாளத்துல கர்ப்பப்பை இறக்கத்த பெண்களோட உரிமைப் பிரச்சனைன்னு 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, இங்க தமிழ்ல ஒரு சீட்டு போட முடியல. பாட்டி வரைக்கும் போய் சேர வேண்டிய பொருளுக்கு பாட்டி படிக்கிற பாஷைல எழுதணும்.

அதனால நானே ஒரு வெள்ளத்தாளுல பெருசா எழுதி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சேன். வேணுங்கறவங்க எழுதி வச்சுக்கோங்க, ஒங்க டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு.

எடுக்க: குத்த வச்சு உக்காரு, லேசா முக்கு, ஆள்காட்டி வெரல ரிங்ல கொக்கி மாதிரி போட்டு மெதுவா இழு. மலச்சிக்கல் அன்னிக்கு அவசரப்படாத.
கழுவ: சாதா சோப்பு, தண்ணி. ரிங் பிசுபிசுன்னு ஆனாலோ வெடிப்பு விட்டாலோ டாக்டர்கிட்ட காட்டு.
வைக்க: ஜெல் தடவி வெட்டு இருக்கற எடத்துல மடி, உள்ள தள்ளு, விரிஞ்சதும் கால்வட்டம் திருப்பு. வச்சது தெரியவே கூடாது, உறுத்துனா எடுத்துட்டு மறுபடி வை.
ஒடனே ஆஸ்பத்திரி: ஒண்ணுக்கு போக முடியலன்னா, ரத்தம் வந்தா, கெட்ட வாடை அடிச்சா, வலிச்சா, ரிங்க எடுக்கவே முடியலன்னா.

போன மாசம் போனப்ப அதுக்கு மேல நீல பேனாவுல அம்மா கையெழுத்துல ஒரு வரி சேந்திருந்துச்சு: "மொதல்ல நகம் வெட்டணும். வளையல கழட்டி வைக்கணும்."